வெள்ளிக்கிழமை தளர்ந்த ஆணிகள்

உங்க செல்போன்ல இருக்கது பியானோ படம்தானே, தம்பி? எட்டிப் பார்க்கணும்னு பார்க்கலை. இந்த ஜன்னல்ல வெயில் அடிக்கு, அதனால அந்தப் பக்கம் திரும்பினேன், கண்ணுல பட்டுட்டு. பழைய பியானோவா? பீரோ மாதிரி செவத்தோட ஒட்டி நிக்குமே, அதா? பொண்ணுக்கா. சரி சரி. தூத்துக்குடியில ஒரு வீட்டுல விக்காங்க, இன்னைக்கே பார்த்துப் பேசி முடிச்சிரலாம்னு போறீங்க. கூட யாரையும் கூட்டிட்டுப் போகலை. நெனச்சேன்.

பஸ் தூத்துக்குடி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். நான் சொல்லுததைக் கேட்டுக்கிடுங்க. பழைய பியானோ வாங்குறதைப் பத்தி என் அளவுக்குத் தெரிஞ்ச ஆளு பாளையங்கோட்டையில கிடையாது. வாசிக்கத் தெரியாது. அது வேற விஷயம்.

என் பேரு சற்குணம். எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கடை கடையாப் போயி, தராசு சரியா இருக்கா, எடைக்கல்லுல முத்திரை இருக்கான்னு பார்க்கிற வேலை. முப்பத்திநாலு வருஷம். தட்டுக்கு அடியில புளியை ஒட்டி வைக்கிறவன், எடைக்கல்லைக் குடைஞ்சு மெழுகு ஊத்துறவன், எல்லாரையும் பார்த்தாச்சு. என்னை ஏமாத்தினவன் ஒருத்தனும் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லலை, உங்களுக்கு நம்பிக்கை வரணும்னு சொல்லுதேன்.

வீட்டுல நானும் என் தங்கச்சி திர்சாளும்தான். ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கிடலை. எனக்கு மாறுதல் மேல மாறுதல், அதுக்கு நேரம் இல்லை. அவளுக்கு அதுல விருப்பம் இல்லை. அம்மா பன்னெண்டு வருஷம் படுக்கையில கிடந்தாங்க, அவதான் பார்த்தா. அம்மாவுக்குப் பிறகு என்னைப் பார்த்தா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. காலையில அஞ்சரைக்குக் காப்பி, மத்தியானம் ஒண்ணுக்குச் சோறு, சாயங்காலம் ஏழு மணிக்கு இட்லியோ தோசையோ. கடிகாரம் பார்த்து வச்சுக்கிடலாம்.

அந்த ஏழு மணியிலதான் வில்லங்கம் வந்துச்சு. எங்க கோயில்ல ஆர்கன் வாசிச்சவரு மகன் வீட்டுக்கு ஓசூர் போயிட்டாரு. திர்சாள் சின்னப் பிள்ளையில மிஷன் பள்ளிக்கூடத்துல பியானோ படிச்சவ. ஐயரு, எங்க சி.எஸ்.ஐ. பக்கம் பாதிரியாரை ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரு வந்து, "அம்மா, நீங்கதான் வாசிக்கணும்" அப்படின்னுட்டாரு. இவளும் சரின்னுட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. வாரத்துல மூணு நாள் பாட்டுப் பயிற்சி. அஞ்சு மணிக்குப் போனா எட்டுக்கு வாரா. அந்த மூணு நாளும் எனக்கு ராத்திரிக்கு மத்தியானத்துச் சோறு. தண்ணி ஊத்தி வச்சிட்டுப் போயிருவா.

நாலு மாசம் பொறுத்துப் பார்த்தேன், தம்பி. அப்புறம்தான் யோசனை வந்துச்சு. ஒரு பியானோவை வாங்கி வீட்டுக்குள்ள போட்டுட்டா இவ எதுக்கு வெளிய போகப் போறா? பாட்டுக்காரங்களை ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லலாம், இவ வீட்டுலயே பழகிக்கிடுவா, அடுப்பு பக்கத்துல இருக்கும். அவகிட்ட, "உனக்காக வாங்கப் போறேன்"னேன். அவ என்னையே கொஞ்ச நேரம் பார்த்தா. கண்ணு கலங்கிட்டு. சந்தோஷம்தான்.

நாகர்கோவில்ல ஒரு டாக்டரம்மா வீடு. அவங்க ஆஸ்திரேலியாவுல மகள்கிட்டப் போறாங்க, பியானோவைக் கொடுக்கணும்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் போனோம். இப்ப நான் சொல்லுததுதான் உங்களுக்கு முக்கியம், கவனிங்க.

முதல்ல யாரையும் வாசிக்க விடக் கூடாது. பாட்டைக் கேட்டா மனசு இளகிரும், குறை தெரியாது. மேல் மூடியைத் தூக்கி டார்ச் அடிச்சுப் பாருங்க. கம்பியில துரு இருக்கா, கம்பியைத் தட்டுற சுத்தி வரிசையா இருக்கும், அதுல ஒட்டியிருக்கிற கம்பளியில பூச்சி அரிச்சிருக்கா, ஆழமாக் கோடு விழுந்திருக்கா. அப்புறம் பின்னாடி போங்க. பெரிய பலகை ஒண்ணு இருக்கும், சத்தம் அதுலதான் முழங்கும். அதுல வெடிப்பு இருக்கான்னு பார்க்கணும். கீழ்ப் பலகையைக் கழட்டிப் பாருங்க. எலி கூடு கட்டியிருக்கும். அங்க கட்டியிருந்துச்சு. டாக்டரம்மாவுக்கே தெரியாது, அந்த அம்மா நாற்காலி மேல ஏறிட்டாங்க. மூலையெல்லாம் விரல் மடக்கித் தட்டினேன், கரையான் இருந்தா பொக்குன்னு சத்தம் வரும். இல்லை.

அப்புறம் விரல் வச்சு அமுக்குற கட்டைங்க. எம்பத்தெட்டு கட்டை. ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி இறங்கணும்லா? நான் பையில முத்திரை போட்ட அம்பது கிராம் எடைக்கல் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு கட்டை மேலயும் வச்சு, இறங்குதா இல்லையான்னு நோட்டுல குறிச்சேன். ஒன்றரை மணி நேரம் ஆச்சு. எம்பத்தெட்டுல ஆறு கட்டைதான் இறங்காமப் பிடிச்சுது. டாக்டரம்மா ரெண்டு தடவை டீ போட்டுக் கொடுத்தாங்க. "ஐயா, தங்கச்சி ஒரு பாட்டு வாசிக்கட்டுமே"ன்னாங்க. "இன்னும் பெடல் பார்க்கலை"ன்னேன். நான் குனிஞ்சு பெடலைப் பார்த்துட்டு இருக்கையில திர்சாள் நின்ன வாக்குலயே ஒரு கையால ஏதோ பாட்டுல ரெண்டு வரி வாசிச்சா. வாசிச்சிட்டு, "இதுவே போதும் அண்ணே"ன்னா.

நான் பார்க்காம விட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஆணி. ஒவ்வொரு கம்பியும் மேல ஒரு ஆணியில சுத்தியிருக்கும். அந்த ஆணியைத் திருப்பித்தான் சுதி கூட்டுவாங்க. அது அடிச்சிருக்கிற மரம் நல்லா இறுக்கமாப் பிடிக்கணும். மரம் தளர்ந்துட்டா ஆணி நிக்காது, என்னைக்குச் சுதி கூட்டினாலும் மறுவாரம் இறங்கிரும். அதைப் பார்க்கணும்னா டியூன் பண்ற ஆள் சாவி போட்டுத் திருப்பிப் பார்க்கணும். நான் அப்படி ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலை. அதுதான் என் குடும்பத்தைப் பிரிச்சது.

வீட்டுக்குக் கொண்டு வந்து ஒரு மாசம் ஒரு குறையும் இல்லை. இவ வெளிய போகலை. ஏழு மணிக்கு இட்லி. தூக்கி இறக்கினது, லாரியில குலுங்கினது, அதனால சுதி கொஞ்சம் இறங்கியிருக்குன்னா திர்சாள். நியாயம்தான். ஐயருதான் ஒரு ஆள் சொன்னாரு. தூத்துக்குடி பஸ்தியான் கொரைரா. கோயில் கோயிலாப் போயி ஆர்கன், பியானோ பார்க்கிறவரு. அம்பத்தஞ்சு வயசு இருக்கும். பெஞ்சாதி தவறி ஆறு வருஷம். ஆர்.சி., கத்தோலிக்கரு.

வந்தாரு. மூடியைத் திறந்து ரெண்டு மூணு ஆணியைத் திருப்பிப் பார்த்தாரு. "யாரு சார் பார்த்து வாங்கினது?"ன்னாரு.

"நான்தான்."

"அதிர்ஷ்டம் சார் உங்களுக்கு. ஆணியெல்லாம் இரும்பு மாதிரி பிடிச்சிருக்கு. இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலை இல்லை."

பாத்துக்கிடுங்க. அந்தத் தொழில்லயே இருக்கவரு, அவருக்கே தெரியலை. மூணு மணி நேரம் சுதி கூட்டிட்டு, "அம்மா, வாசிச்சுப் பாருங்க"ன்னாரு. திர்சாள் உக்காந்து ஒரு பாட்டு முழுசும் வாசிச்சா. அவரு கையில துணியை வச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் நின்னு கேட்டாரு. நாலு கட்டையைத் தட்டிப் பார்த்தாப் போதாதா? நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மணி ஒண்ணே கால். பசி. அவரையும் சாப்பிடச் சொன்னா. சாப்பிட்டாரு. "ஆறு மாசத்துக்குத் தொட வேண்டாம்"னு சொல்லிட்டுப் போனாரு.

ரெண்டே வாரம். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பென்ஷனர் சங்கத்துக்குப் போயிட்டு வாரேன், இவ, "அண்ணே, சுதி இறங்கிட்டு"ன்னா. தட்டிக் காட்டினா. நடுவுல நாலஞ்சு கட்டை நாராசமாக் கேக்கு. எனக்கே தெரிஞ்சுதுன்னா பார்த்துக்கிடுங்க. போன் போட்டா. சனிக்கிழமை கொரைரா வந்தாரு, சரி பண்ணினாரு. அதுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும். சனிக்கிழமை மறுபடியும் வந்தாரு. மூணாவது தடவையிலருந்து கூலி வேண்டாம்னுட்டாரு. "என் வேலை நிக்கலை, எப்படி சார் வாங்குவேன்?" அப்படின்னாரு. மனசாட்சி உள்ள மனுஷன்னு நெனச்சேன். வெறுங்கையோட வர மாட்டாரு. பஸ்லயே பாரை மீனு கொண்டு வருவாரு, சில நாள் சீலா. அதை இவ குழம்பு வைப்பா. சனிக்கிழமைச் சாப்பாடு மாதிரி வாரம் முழுக்க இருக்கக் கூடாதான்னு நானே கேட்டிருக்கேன். பொடி எழுத்துத் தெரியலைன்னு புதுக் கண்ணாடி கூட மாத்தினா. பாட்டு நோட்டு பார்த்து வாசிக்கணும்லா.

ஆனா எனக்கு மனசு ஆறலை. தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சேன். எழுதிப் பார்த்தா ஒரு விஷயம் பிடிபட்டுது. எப்பவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் தளருது. எனக்கு உடனே பொறி தட்டிச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எங்க தெருவுக்குத் தண்ணி வரும், மோட்டார் போடுவோம். மோட்டார் அதிர்வுல ஆணி தளருது. ஆள் கூட்டி மோட்டாரைக் கழட்டி வீட்டுக்குப் பின்னாடி கொண்டு வச்சேன். அந்த வெள்ளிக்கிழமையும் தளர்ந்துட்டு.

சரி, ஆள் யாரும் கை வைக்கிறானோன்னு ஒரு சந்தேகம். பால்காரன், வேலைக்கு வர்ற பொம்பளை, யாரை நம்ப முடியும்? எங்கிட்ட பழைய ஈய முத்திரை, கம்பி எல்லாம் இருந்துச்சு. வியாழக்கிழமை மேல் மூடிக்குக் குறுக்கே கம்பி கட்டி, ஈயம் வச்சு, என் கையால முத்திரை அமுக்கினேன். திர்சாள் பக்கத்துல நின்னு பார்த்தா. "இனிமே யாரும் திறக்க முடியாதா அண்ணே?"ன்னா. "திறந்தா எனக்குத் தெரிஞ்சிரும்"னேன்.

வெள்ளிக்கிழமை வந்து பார்க்கேன், முத்திரை அப்படியே இருக்கு. சுதி இறங்கிட்டு. அப்ப மனுஷன் கை இல்லைன்னு ஊர்ஜிதம் ஆயிட்டு. தரையில பித்தளைத் திருகாணி ரெண்டு கிடந்துச்சு. பின்பக்கம் மூடியோட கீலுல இருக்கிற திருகாணி. பழைய பொட்டி, உதிரத்தானே செய்யும். எடுத்துத் திரும்ப முடுக்கி வச்சேன். கடைக்காரன் தராசுல எங்க எங்க கை வைப்பான்னு எனக்குத் தெரியாததா?

இன்னொண்ணு சொல்லணும். ஒரு நாள் அரிசி டின்னுக்குள்ள கையை விட்டேன், இரும்பா ஏதோ தட்டுப்பட்டுது. எடுத்தா, டியூன் பண்ற சாவி. நீளக் கைப்பிடி, நுனியில நட்சத்திரம் மாதிரி ஓட்டை. "இது என்ன இங்க?"ன்னு கேட்டேன். "கொரைரா சார் மறந்துட்டுப் போயிட்டாரு அண்ணே. துருப் பிடிக்கக் கூடாதுன்னு அரிசிக்குள்ள வச்சேன்"னா. அடுத்தவன் பொருளை அந்த மாதிரி காப்பாத்துற ஆளு எத்தனை பேரு இருக்காங்க, சொல்லுங்க. அவரும் அதைத் திரும்பக் கேக்கவே இல்லை. வேற ஒண்ணு வச்சிருந்தாரு போல.

இப்படி எட்டு மாசம். கடைசியில நான் முடிவு பண்ணிட்டேன். ஒரு சனிக்கிழமை, மூணு பேரும் சாப்பிட உக்காந்திருக்கோம். அவ பரிமாறிட்டு இருக்கா. நான் சொன்னேன், "கொரைரா சார், உங்களை இதுக்கு மேல அலைய வைக்கிறது பாவம். இந்தப் பொட்டி மரம் தளர்ந்த பொட்டி. மதுரையில ஒரு வியாபாரிகிட்டப் பேசிட்டேன். புதன்கிழமை வந்து தூக்கிட்டுப் போறான். இனிமே நீங்க வர வேண்டியதில்லை."

அவரு கையிலெடுத்த சோத்தை இலையிலயே வச்சிட்டாரு. திர்சாள் கரண்டியோட அப்படியே நிக்கா.

"சார், வியாபாரிக்குக் கொடுக்காதீங்க. நானே எடுத்துக்கிடுதேன்"னாரு.

"இந்தச் சொத்தைப் பொட்டியை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"இல்லை சார், பொட்டியோட..." அப்படின்னாரு. அதுக்கு மேல வரலை. தண்ணியைக் குடிச்சாரு. குடிச்ச பிறகும் வரலை.

திர்சாள்தான் சொன்னா. குழம்புக் கரண்டி கையில இருக்கு. "என்னையும் சேர்த்துக் கேக்காரு அண்ணே."

எனக்கு முதல்ல விளங்கலை, தம்பி. விளங்கினதும் எழுந்திருச்சுக் கை கழுவிட்டேன். பாதிச் சாப்பாட்டுல. "அம்பத்திரண்டு வயசுல என்ன பேச்சு இது? அவரு ஆர்.சி., நாம சி.எஸ்.ஐ. ஊரு என்ன சொல்லும்? ரெண்டு நாள் யோசிச்சுப் பாரு"ன்னேன்.

"நான் எட்டு மாசமா யோசிச்சிட்டேன்"னா.

"உனக்குத்தான் இதுல விருப்பமே கிடையாதே. தொண்ணூத்தி நாலுல சாயர்புரத்துலருந்து ஒரு வாத்தியாரு வீட்டுல கேட்டு வந்தாங்க. அப்பவே நான் சொல்லி அனுப்பினேன்."

"என்ன சொல்லி அனுப்பினீங்க?"

"தங்கச்சிக்கு விருப்பம் இல்லைன்னு."

"நான் அடுத்த ரூம்ல அம்மாவுக்குப் படுக்கை மாத்திட்டு இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு. நீங்க என்னைக் கேட்கலையே அண்ணே."

கோவமா சொல்லலை. உப்பு போதுமான்னு கேக்கிற மாதிரிதான் சொன்னா. அம்மா படுக்கையில கிடந்தாங்க, எனக்கு அப்ப தர்மபுரியில வேலை. இவ போயிட்டா யாரு பார்க்க? நான் பொய் சொல்லலை. அவ வாயைத் திறந்து விருப்பம்னு சொல்லலை, அப்ப விருப்பம் இல்லைன்னுதானே அர்த்தம்? இன்னைக்கு வரைக்கும் நான் அப்படித்தான் சொல்லுதேன். ஆனா அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு இறங்கலை. அவ ஏழு மணிக்குக் கரெக்டா வச்சா. அதுல குறை சொல்ல முடியாது.

ஐயருகிட்டப் போனேன், நாலு வார்த்தை புத்தி சொல்லுவாருன்னு. அவரு எந்திரிச்சு என் கையைப் பிடிச்சுக் குலுக்குதாரு. "நீங்க முன்ன நின்னு நடத்துறீங்களா, ரொம்ப சந்தோஷம்"னாரு. நான் ஒண்ணும் அப்படிச் சொல்லலை. ஆனா அவரு அப்படிச் சொன்ன பிறகு எப்படி மறுக்க? எங்க கோயில்லயே நடந்துச்சு. அவங்க சாமியாரும் வந்து ஜெபம் பண்ணினாரு. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி விட்டேன். அவ கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. "பயமா இருக்கா?"ன்னு கேட்டேன். "இல்லை அண்ணே, எட்டு மாசமாத்தான் பயமா இருந்துச்சு"ன்னா. என்னத்துக்குப் பயந்தான்னு கேட்கணும்னு நெனச்சேன், அதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிட்டாங்க.

மறுநாள் லாரி வந்து பியானோவைத் தூக்கிட்டுப் போச்சு. அது இருந்த இடத்துல செவத்துல வெள்ளையா ஒரு கட்டம் விழுந்திருந்துச்சு. நாலு மாசம் நான் தூத்துக்குடிப் பக்கம் போகலை. கோவம்னு வச்சுக்கிடுங்களேன். சோறு பொங்கப் படிச்சேன். அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன், அரிசி இவ்வளவு, தண்ணி இவ்வளவுன்னு. ஆனா வாரத்துல மூணு நாள் குழைஞ்சிரும். மெஸ்ஸுல இருந்து எடுத்துச் சாப்பிட்டேன், வயித்துக்கு ஒத்துக்கிடலை. அஞ்சாவது மாசம் அவ போன் பண்ணி, "சனிக்கிழமை வாங்க அண்ணே, சீலா மீன் வாங்கியிருக்கு"ன்னா. போனேன்.

சின்ன வீடு. ஜன்னல் பக்கத்துலயே பியானோ. நான் உக்காந்ததும் முதல் வேலையா அதைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையாத் தட்டினேன். ஒரு பிசிறு இல்லை. சின்ன மணி மாதிரி கேக்கு. "எத்தனை தடவை டியூன் பண்ணினீங்க?"ன்னு கொரைராவைக் கேட்டேன்.

"இங்க இறக்கின அன்னைக்கு ஒரு தடவை சார்."

"அஞ்சு மாசத்துலயா?"

"ஆமா."

இப்ப ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு ஆணி தளரலை. நான் யோசிச்சுப் பார்த்துட்டு அவங்ககிட்டச் சொன்னேன், "கடல் காத்துதான். உப்புல மரம் ஊறி ஆணியைக் கவ்விட்டு. பாளையங்கோட்டைக் காத்து வறண்ட காத்துலா." கொரைரா தலையைக் குனிஞ்சுக்கிட்டு மீன்ல முள்ளு எடுத்தாரு. திர்சாள் சிரிச்சா, தம்பி. முந்தானையை வாயில வச்சு அடக்கிப் பார்த்தா, முடியலை, அடுப்படிக்குள்ள ஓடிட்டா. அங்க இருந்தும் கேக்கு. அம்பது வருஷமா அண்ணன் தங்கச்சியா இருந்திருக்கோம், அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை. என்ன சொன்னேன்னு இவ இப்படிச் சிரிக்கான்னு நானும் சிரிச்சேன். அப்புறம் என் தட்டை நானே கழுவி வச்சேன். அந்த வீட்டுல கொரைராவும் கழுவுதாரு. அவரு கழுவும்போது நான் சும்மா இருந்தா நல்லா இருக்காதுலா.

அதுலருந்து எல்லாச் சனிக்கிழமையும் போறேன். இன்னைக்கும் அங்கதான்.

சரி, நான் சொன்னதெல்லாம் ஞாபகம் வச்சுக்கிடுங்க. கம்பி, சுத்தி, பின் பலகை, எலி. கடற்கரை வீட்டுல இருக்கிற பியானோவா இருந்தா ஆணி நல்லாத்தான் இருக்கும், ஆனாலும் டியூன் பண்ற ஆளைக் கூட்டிட்டுப் போயிருங்க. கொரைரா நம்பர் தாரேன், என் பேரைச் சொல்லுங்க, உடனே வருவாரு. வீட்டுல கல்யாணம் ஆகாத தங்கச்சி, அக்கா யாரும் இருந்தாலும் பரவாயில்லை. அவருக்கு இப்பக் கல்யாணம் ஆயிட்டு. தைரியமா உள்ள விடலாம்.